ரேடியேட்டருக்கு மாலை போட்டவன்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை மெக்கானிக்குக்குக் கொல்ல ஒரே ஒரு கார் போதும். 1998-இல் அந்த அரை மெக்கானிக் நான்தான். (அரை என்பதே தாராளம்.)

என்னைவிட வயதில் மூத்த கார் ஒன்று என்னிடம் இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளையைக் கம்பத்திலிருந்து சின்னமனூர் மண்டபத்துக்கு அதில்தான் அழைத்து வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். வாடகைக் கார் பேசலாம் என்ற அப்பாவை, கௌரவம் தெரியாத மனுசன் என்று ஏளனமாகப் பார்த்தேன்.

ஊர் உலகத்தில் காருக்கு நாலு முழம் பூக் கட்டுவார்கள். நானோ முன்பக்கக் கம்பிவலை கண்ணுக்கே தெரியாதபடி சம்பங்கியையும் செவ்வந்தியையும் மெத்தை மாதிரி அடைத்துக் கட்டினேன். ரேடியேட்டருக்குக் காற்று அந்த வழியாகத்தான் போகும் என்பது எனக்குத் தெரியும். பூவுக்கு நடுவே காற்று நுழையாதா என்ன என்பது என் விஞ்ஞானம்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. புதுப்பட்டி தாண்டியதுமே சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"என்ன தம்பி, ஏதோ தீயிற வாடை வருது?"

"பழைய வண்டி அத்தை, அப்படித்தான் மணக்கும்."

(மணக்குமாம்! செவ்வந்தி வெந்துகொண்டிருந்தது.)

அனுமந்தன்பட்டியில் கார் ஆவி கக்கி நின்றது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தோட்டத்து டீசல் மோட்டாரோடு தினமும் மல்லுக்கட்டுகிற விவசாயி.

"ஏன் மச்சான், மூஞ்சிய இம்புட்டுப் பூவால மூடுனா எவன் மூச்சு விடுவான்? மொதல்ல பூவப் பிச்சுப் போடுங்க. மூடியத் தொட்டுறாதீக, ஆறட்டும்."

அவர் சொல்லி நான் கேட்பதா? கார் யாருடையது? தோளில் கிடந்த துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

துருத்தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. நான் குனிந்து தப்பினேன். (அதில் மட்டும் கெட்டிக்காரன்.) மேலே போய் ஆறி இறங்கியதால் மாப்பிள்ளையின் தோல் தப்பியது. பட்டுச்சட்டை தப்பவில்லை.

அத்தை தலையில் கைவைத்தார். "ஆத்தா மாரி! பொண்ணு வீட்டுல பன்னீர் தெளிப்பாகன்னு பாத்தா, துருத்தண்ணிய ஊத்துறாகளே!"

தேனிக்குப் போன திராட்சை வேன் ஒன்றை மறித்து, கூடைகளுக்கு நடுவே மாப்பிள்ளையை உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சட்டை மாற்ற நேரமில்லை. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது.

கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கல்யாண ஆல்பம் எங்கும் போகவில்லை. தங்கச்சி பிள்ளைகள் அதைப் புரட்டும்போதெல்லாம் கேட்பார்கள்: "அப்பா சட்டையில என்னம்மா அம்புட்டுக் கறை?"

அவள் என் பக்கம் திரும்பாமலே சொல்வாள்: "அதுவா? உங்க மாமன் செஞ்ச சீரு."