நடுவில் நிற்கும் நபர் யார்?

அன்பும் பண்பும் அயல்நாட்டு வேலையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தாய்மாமனும், தகப்பன் இல்லாத அந்தப் பெண்ணின் கல்யாணத்தை முன்னின்றும் பின்னின்றும் நடத்தி முடித்தவனுமாகிய நான் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா மறுக்கிறது. எனக்கு ரத்தக் கொதிப்பு. உங்கள் மாமியாராகிய என் அக்காவுக்கு முட்டிவலி. உங்கள் மனைவியாகிய நம் பாப்பாவுக்கோ வாய் திறக்காத கோபம். அங்கே நீங்களாவது நலமாக இருந்து தொலைப்பீர்கள் என்று நம்புகிறேன். (ஆத்திரத்தில் கை தவறி வந்துவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன், மன்னிக்கவும்.)

நிற்க. உங்கள் நாட்டுக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து பாப்பாவுக்கு ஒரு ஓலை வந்திருப்பது உங்களுக்கும் தெரியும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் காக்க வைத்துவிட்டு, இப்போது என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "விண்ணப்பதாரருக்கும், அவருடைய கணவர் என்று சொல்லப்படுபவருக்கும்" நடந்த திருமணம் உண்மையானதா என்பதில் ஐயம் இருக்கிறதாம்! சொல்லப்படுபவராம்! யார் சொன்னது? நான் சொன்னது! என் வாயால் நான் சொன்ன பிறகு அதில் ஐயப்பட இந்த ஊரில் ஒரு ஆள் பிறந்ததில்லை. எட்டாம் வகுப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ஆழ்ந்து படித்தவன் நான். கருகிப்போன எந்த மோட்டாரையும் முகர்ந்து பார்த்தே உள்ளே எந்தக் காயில், எந்தக் கம்பிச்சுருள் போயிற்று என்று சொல்லுகிறவன். என்னையா ஏமாற்றுக்காரன் என்கிறார்கள்?

அவர்களுக்கு முதல் வலி, கல்யாணப் படங்கள். தம்பதி சேர்ந்திருக்கும் படங்களை அனுப்பச் சொன்னார்கள், ஆல்பம் முழுவதையும் அனுப்பினோம். பதிலுக்கு ஒரு கேள்வி: "எல்லாப் படங்களிலும் தம்பதிக்கு நடுவில் நிற்கும் நபர் யார்? அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன உறவு?" மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள், தாய்மாமன் நடுவில் நிற்காமல் வேறு யார் நிற்பது, பந்தல்காரனா? அன்றைக்கு வந்த பத்தாயிரம் பேர் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டு (மண்டபத்தில் முந்நூறு நாற்காலிதான் என்று என் வீட்டுக்காரி இங்கே குறுக்கே பேசுகிறாள், நின்றவர்களை அவள் எண்ணவில்லை) ஒவ்வொரு படத்துக்கும் ஓடி ஓடி வந்து நின்றேன். அந்தப் படக்காரன் வேறு அப்போதே வாயடித்தான்.

"சார், கொஞ்சம் நகருங்க, ஜோடியா ஒண்ணு எடுத்துக்கறேன்."

"தம்பி, என்னை விட்டுட்டு எடுத்தா படம் நிக்குமாப்பா?"

"படம் நிக்கும் சார். ஜோடிதான் நிக்க மாட்டேங்குது, நீங்க ஊடால நிக்கறதால."

எவ்வளவு திமிர் பாருங்கள். அவனை அந்த இடத்திலேயே அடக்கி உட்கார வைத்தேன். ஒரே ஒரு படத்தில் மட்டும் நீங்களும் பாப்பாவும் தனியாக இருக்கிறீர்கள், கை கழுவும் இடத்தில். அதிலும் கண்ணாடியில் என் முதுகு தெரிகிறதென்று வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மனிதன் கைகூடக் கழுவக் கூடாதா?

அடுத்தது தொலைபேசி. கணவன் மனைவி தொடர்ந்து பேசிக்கொள்கிறார்களா என்று கணக்கு கேட்டார்கள். பாப்பாவின் போனில் குரல் கரகரக்கிறது, என் போனுக்கே கூப்பிடுங்கள் என்று நான்தான் உங்களிடம் சொன்னேன். நீங்களும் தங்கமான பிள்ளை, தினமும் கூப்பிட்டீர்கள். எடுத்த உடனே தூக்கிக் கொடுத்துவிடுவதற்கு நான் என்ன பண்பு தெரியாதவனா? நாட்டு நடப்பு, மழை நிலவரம், நம் கடைக்கு வந்த மோட்டார்களின் யோக்கியதை எல்லாம் நாலு வார்த்தை பேசி, நீங்கள் கொட்டாவி விடும் நேரம் பார்த்து அவளிடம் கொடுப்பேன். இப்போது என்னடாவென்றால், "கணவர் தினந்தோறும் நீண்ட நேரம் பேசுவது ஐம்பத்தெட்டு வயது ஆணின் எண்ணுக்கு, காரணம் கூறவும்" என்கிறார்கள். காரணமாம் காரணம்! பாசம் என்று ஒன்று இருப்பதை அந்த நாட்டில் யாருமே கேள்விப்பட்டதில்லையா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் சாட்சிப் பத்திரத்தில் கை வைத்தார்கள் பாருங்கள், அதைத்தான் செத்தாலும் மறக்க மாட்டேன். தம்பதியை நன்கு அறிந்த ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடைக்கார அம்மாவிடம் போனேன். அந்த அம்மா தயாராக ஒரு மாதிரி வைத்திருந்தார்.

"நாலே வரி போதும் சார். இவங்களை எனக்குத் தெரியும், கல்யாணத்துல நான் இருந்தேன், இது நெசமான கல்யாணம். கீழ கையெழுத்து."

"நாலு வரியில ஒரு சாவு சேதிகூடச் சொல்ல முடியாதும்மா. நீங்க தட்டுங்க, நான் சொல்றேன்."

சொன்னேன். பதினோரு பக்கம். நீங்கள் இருவரும் பால்யம் முதல் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்திருந்ததையும், ஏழு வயதில் பெருவெள்ளம் வந்தபோது நீங்கள் பாப்பாவைத் தோளில் சுமந்துகொண்டு ஆற்றை நீந்திக் கடந்ததையும், அக்கரையில் ஊரே நின்று கைதட்டியதையும் நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சார், விண்ணப்பத்துல இவங்க ரெண்டு பேரும் போன வருஷம் உங்க கடையிலதான் முதமுதல்ல பாத்துக்கிட்டதா எழுதியிருக்கே?"

"அது அவங்க எழுதினது. இது நான் எழுதறது. ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தானே அதிகாரிக்கு முழு விவரம் கிடைக்கும்?"

"மாட்டிக்கப் போறீங்க சார்."

"நீங்க தட்டுங்கம்மா."

கரிநாக்கு அந்த அம்மாவுக்கு. இப்போது ஓலையில் அதையேதான் கேட்கிறார்கள்: முதல் சந்திப்பு சென்ற ஆண்டா, ஏழு வயதிலா, எது சரி? இரண்டும் சரிதான் மாப்பிள்ளை! ஒன்று நடந்தது, மற்றது நடந்திருக்க வேண்டியது. இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிதுபடுத்துகிறவர்கள் எப்படி ஒரு நாட்டையே கட்டி மேய்க்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இதில் உங்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். அதிகாரி உங்களைக் கூப்பிட்டு "உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாராம். நீங்கள் "தெரியாது, தண்ணியக் கண்டாலே பயம்" என்றீர்களாம்! தெரியாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம், பயத்தையும் எதற்குக் கூடவே போட்டுக் கொடுத்தீர்கள்? "சின்ன வயசுல தெரியும், இப்ப மறந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாப்பா இந்நேரம் உங்கள் வீட்டில் இருப்பாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே வரம் கேட்கிறவரே வேண்டாம் என்று தலையாட்டுகிறார்.

சரி, காகிதத்தில் பேசினால் இவர்களுக்கு ஏறாது, நேரிலேயே பேசுவோம் என்று மாத ஆரம்பத்தில் இங்கிருக்கும் அவர்களுடைய விண்ணப்ப மையத்துக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு வில்லையைக் கொடுத்தார்கள். உள்ளே ஆஸ்பத்திரியைவிட மோசமான குளிர், வரிசை வரிசையாக இரும்பு நாற்காலி, எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதற்குள் பேசுவதற்கு எலி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. எங்கள் எண் வந்ததும் நான்தான் முதலில் போய்க் குனிந்தேன்.

"நீங்க விண்ணப்பதாரரா?"

"அதுக்கும் மேல. தாய்மாமன்."

"விண்ணப்பதாரர் மட்டும்தான் பேசணும் சார்."

"அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன பேசத் தெரியும்?"

"அவங்க வயசு இருபத்தேழு சார். தள்ளி நில்லுங்க."

தள்ளியா? நானா? அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் விட்டேன். மையமே கிடுகிடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெரிய அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அவர் தண்ணீர் பிடிக்க எழுந்தார் என்று பாப்பா சொல்கிறாள், குழந்தை, அவளுக்கு இதெல்லாம் புரியாது. பிறகு இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பினார்கள். பெல்ட்டைத்தான் திருப்பித் தர மறந்துவிட்டார்கள். வீடுவரை ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

வழி முழுக்கப் பாப்பா எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். தெருமுனை வந்ததும் நின்று, "மாமா, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இந்த மாசம் மட்டும் ஒண்ணுமே பண்ணாதீங்க" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நிலைமை என்னவென்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது, நான் சொல்கிறேன். மாதக் கடைசிக்குள் அவர்கள் மனம் நிறையும்படி விளக்கம் போகாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். மூடினால் மறுபடியும் முதலிலிருந்து: புது விண்ணப்பம், புது மருத்துவச் சோதனை, புது போலீஸ் சான்று, இன்னொரு வருஷமோ இரண்டு வருஷமோ. விசா வந்த மாதிரிதான் என்று நான் சொன்ன சொல்லை நம்பி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவள் விட்டு எவ்வளவு காலம் ஆயிற்று! அவள் நாற்காலியில் இப்போது வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தைப் பாப்பா உங்கள் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறாள். அக்கா அதைப் பார்த்து விடியற்காலையில் சாப்பாட்டுக்கு இலை போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி தினமும் காய் நறுக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னும் கூப்பிடலையா? எங்க சொந்தத்துல ஒருத்திக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறாள். பாதியிலேயே பாப்பா எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். நேற்று, உங்கள் ஊருக்கென்று போன வருஷம் வாங்கிய குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் அங்கே நின்றாள். ஏன் என்று கேட்டதற்கு, பூச்சி அரிக்காமல் இருக்க வெயில் காட்டுகிறேன் என்றாள். கொடியில் போட்டுத்தானே வெயில் காட்டுவார்கள்?

இதற்கெல்லாம் நீங்கள் அங்கிருந்து சொல்லுவது ஒன்றுதான்: "பொறுமையா இருங்க மாமா." பொறுமையாம்! என்னைப்போல் பொறுமைசாலி இந்த உலகத்தில் கிடையாது என்பதை இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் பிடித்து உலுக்கிக் கேளுங்கள். அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டால் ஒரு பொம்பளை "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறாள். முக்கியமென்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே? அவளிடம் நம் குடும்ப வரலாறு முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் அது பதிவு செய்த குரல் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். முன்பே சொல்லக் கூடாதா அவள்?

ஆகவே தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். நாளைக் காலை கடை திறந்த கையோடு அந்த மையத்துக்குப் போய், உங்கள் நாடும் வேண்டாம், விசாவும் வேண்டாம் என்று விண்ணப்பத்தை வாபஸ் வாங்கப் போகிறேன். நீங்கள் அடுத்த விமானத்தில் இங்கே வந்து சேருங்கள். கணினி தட்டிய கைக்குக் காயில் சுற்றுவது பெரிய வித்தையில்லை, நானே கற்றுக் கொடுக்கிறேன். கடைக்கு நேர் மேலே அறை காலியாக இருக்கிறது, கீழே மோட்டார் ஓடினால் தரை கொஞ்சம் அதிரும், பழகிவிடும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாழ இங்கே ஒருவன் முத்திரை குத்த வேண்டியதில்லை. இது என் கடைசி வார்த்தை. மறுவார்த்தை எழுதாதீர்கள்.

மற்றபடி உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கோபத்தில் எழுதினாலும், நீங்கள் இருவரும் ஒரு கூரையின் கீழ், குறையில்லாமல், சண்டை போட்டாலும் நேருக்கு நேர் போட்டுக்கொண்டு, நூறாண்டு வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் அன்புள்ள, அவமதிக்கப்பட்ட,
தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, விலாசம் எழுதி வாங்கப் பாப்பாவிடம் போனேன். "தபால் தலை ஒட்டாதீங்க மாமா" என்றாள். விசா வந்துவிட்டதாம்! போன வாரமே வந்துவிட்டதாம்! வியாழக்கிழமை விமானமாம்! உங்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அந்தக் கடைக்கார அம்மாவுக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கிறது, மேலே குறுக்கே பேசியவள் இதை மட்டும் பேசவில்லை. ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று குதித்தால், அக்கா சொல்லுகிறாள், "உங்கிட்ட சொன்னா நன்றி சொல்றேன்னு நேரா அங்க போய் நிப்பே, குடுத்ததைத் திருப்பி வாங்கிக்குவாங்க."

பாப்பா எனக்குத் தெரியாமல் ஒரு விளக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள். "என் தாய்மாமன் பொய்யர் அல்லர். எனக்கு அப்பா இல்லாத குறை தெரியக் கூடாது என்பதற்காக எதையும் இரண்டு பங்காகச் சொல்லுவார், எங்கும் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்." அவ்வளவுதான், அந்த அம்மா சொன்ன நாலு வரிகூட இல்லை. அதை நம்பிக் கோப்பை முடித்துவிட்டார்கள். இரண்டு பங்கு என்று எழுதியதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன், மூன்று பங்குக்குக் குறையாது. மேலும், அவர்கள் அசைந்ததற்கு உண்மையான காரணம் அன்று நான் போட்ட சத்தம்தான் என்பது விவரம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வரவேண்டாம், காயில் சுற்ற வேண்டாம், மேல் அறைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். உறையைப் பிரித்துவிட்டேன், முழுவதையும் திருப்பி எழுதத்தான் கை வரவில்லை, கடைசித் தாளின் பின்பக்கத்தில் இதை மட்டும் சேர்த்து அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளை, இதை நீட்டுகிறவளின் இன்னொரு கையில் ஒரு பெட்டி இருக்கும், சரியான கனம், நான் தூக்கிப் பார்த்தேன். முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.