இரண்டு அணிக்கும் ஒரே ரோஸ்

"முடியாது" என்று யாரிடமும் சொல்ல எனக்கு வராது. அவ்வளவு கூச்சம். அந்தக் கூச்சம் ஒரு கால்பந்துக் கோப்பையையே கவிழ்த்தது.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தேங்காய்த்திட்டில் லாண்டரி கடை வைத்திருந்தேன். எங்கள் ஊர் அணியில் மாற்று ஆட்டக்காரன். (மூன்று வருஷமாக பெஞ்சில்தான். பெஞ்சில் என் அளவுக்குப் பள்ளமே விழுந்திருக்கும்.) நெல்லித்தோப்பு அணியிடம் தொடர்ந்து இரண்டு இறுதி ஆட்டம் தோற்றிருந்தோம். மூன்றாவதும் தோற்றால் கோப்பை அவர்களுக்கே நிரந்தரம்.

ஆட்டத்தன்று காலை எங்கள் புதுச் சிவப்பு ஜெர்சிகளை ஊறப் போடும் நேரத்தில், என் அக்கா புருஷன் வந்து ஒரு மூட்டையை வைத்தார். அவர்தான் நெல்லித்தோப்பு கேப்டன்.

"மச்சான், எங்க வெள்ளை ஜெர்சி. சாயங்காலத்துக்குள்ள தொவச்சி தேச்சி குடுத்துடு. உங்க பசங்களுக்குத் தெரிய வேணாம்."

இது துரோகம் என்று எனக்குத் தெரியும். "சரி மாமா," என்றேன்.

நேரம் போதாமல் இரண்டையும் ஒரே டிரம்மில் போட்டேன். வெள்ளை ரோஸ் ஆனது. பதறிப்போய் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினேன். வெள்ளை ரோஸாகவே இருந்தது; சிவப்பும் இறங்கி வந்து அதே ரோஸில் நின்றது. சொல்லத் தைரியமில்லாமல், அழகாக மடித்து இரண்டு பக்கமும் அனுப்பிவிட்டேன்.

மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் பஞ்சுமிட்டாய் மாதிரி நின்றார்கள். எங்கள் கேப்டன் செல்வம் அண்ணன் என்னிடம் வந்தார்.

"என்னடா இது?"

"சாயம் போயிடுச்சுண்ணா."

"அவனுங்களுதும் ஏன்டா போச்சு?"

நான் ரோஸ் விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

ரெஃப்ரி டாஸ் போட்டார். தோற்கிற அணி சட்டையில்லாமல் ஆட வேண்டும். தோற்றோம்.

கோலே விழாமல் ஆட்டம் முடியப்போகையில் எங்கள் ஆள் ஒருவருக்குக் கால் சுளுக்கியது. "சட்டையைக் கழட்டிட்டு உள்ள வாடா," என்றார் செல்வம் அண்ணன். அத்தனை சனத்துக்கு முன்னாலா? ரெஃப்ரி அந்தப் பக்கம் திரும்பியதும் சட்டையோடே ஓடிவிட்டேன்.

அவர்கள் கோலுக்குப் பக்கத்தில் பந்தோடு நின்ற மாமா நிமிர்ந்தார். ரோஸ் சட்டை தெரிந்தது. பந்தை என் காலுக்கே தட்டிவிட்டார். எதிரே அவர்கள் கோல்கீப்பர் மட்டும்தான்; அவரும் என்னைத் தன் ஆள் என்று நினைத்துச் சாவகாசமாக நின்றார். என் வாழ்க்கையின் முதல் கோல். காலை ஓங்கினேன்.

பின்னாலிருந்து ஒரு வெற்றுடம்பு பாய்ந்து என்னைச் சாய்த்தது. உருண்ட பந்தை மாமா எடுத்துக்கொண்டு போய், எங்கள் கோல்கீப்பர் உள்பட எல்லாரும் முன்னேறி வந்துவிட்டதால் காலியாகக் கிடந்த எங்கள் பக்கத்தில் கோல் போட்டார். என்மேல் கிடந்த செல்வம் அண்ணன் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நீயாடா?"

கோப்பை நெல்லித்தோப்புக்கே போய்விட்டது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா எனக்கு ஒரு ரோஸ் சட்டை எடுத்துக் கொடுக்கிறார். "போட்டுக்கோ மச்சான், பாஸ் குடுக்க அடையாளம் வேணும்ல," என்பார். வீடே சிரிக்கும். பதினெட்டு சட்டை சேர்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.