இரண்டாவதாக வந்த கெட்டிக்காரத்தனம்

அன்பும் மதிப்பும் மிகுந்த மாமாவுக்கு, விடுதியிலிருந்து தங்கள் மருமகள் எழுதுவது. நான் நலம், என் பர்ஸ் என்னைவிட நலம். தாங்களும் அத்தையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

"கையில காசு தங்குதா, இல்ல பறக்குதா?" என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். என் கட்டணத்துக்காக நீங்கள் அச்சகத்தில் இரண்டு ஷிஃப்ட் நிற்பது எனக்குத் தெரியும். அடுத்த பருவத்துக்கும் அப்படி நின்றால் முழங்கால் தாங்காது என்று அத்தை சொன்னதிலிருந்து காசை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஆனால் இங்கே ட்ரீட் என்றொரு பேய் இருக்கிறது மாமா. புதுச் செருப்பு வாங்கினால் ட்ரீட், காய்ச்சல் விட்டால் ட்ரீட், பழைய செருப்பு அறுந்தால் புதுசு வாங்கப் போகிறாளே என்று முன்கூட்டியே ட்ரீட். தேர்வில் முதலாவதாக வந்தவளோ வகுப்புக்கே வைக்க வேண்டும். போன தடவை நான் மாட்டிக்கொண்டேன். "மூளை இருக்கிறவதான்டி செலவு பண்ணணும்" என்று நியாயம் பேசினாள் என் அறைத்தோழி ஊசிவெடி. மாட்டேன் என்றால் கஞ்சப் பிசினாறி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஒரு மாதக் கைச்செலவு ஐஸ்கிரீம் கடையில் கரைந்துபோனது.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. கணக்குத் தேர்வில் கடைசிக் கேள்விக்கு விடை தெரிந்தும் எழுதாமல் விட்டேன். தெரிஞ்ச விடையை எழுதாம உட்கார்றது லேசுப்பட்ட காரியமா மாமா? கை நமநமங்குது! பேனாவைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். "நேரம் இருக்கேம்மா, எழுதலயா?" என்று டீச்சர் கேட்டார். "போதும் டீச்சர்" என்றேன். நினைத்தபடியே நான் இரண்டாவது, ஊசிவெடி முதலாவது. அவள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "நீ எப்படிடி தோத்த?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாம் உன் உழைப்புடி, ட்ரீட் எப்போ?" என்றேன். ஆகவே பணத்தைப் பற்றி எனக்கு இனி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வேண்டுமானால் உங்களுக்கு நான் எடுக்கிறேன்.

அத்தைக்கு என் முத்தங்கள். தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, என்னை வாயார வாழ்த்தவும்.

தங்கள் சாமர்த்தியசாலி மருமகள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அறிவிப்புப் பலகையில் கிளார்க் ஒரு தாளை ஒட்டிவிட்டார். இந்தத் தேர்வில் முதலாவதாக வந்தவருக்கு அடுத்த பருவக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாம். "முன்னாடியே சொல்லக்கூடாதா சார்?" என்றேன். "சொன்னா எல்லாரும் நல்லா எழுதிருவீங்களே" என்கிறார். மாமா, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் மறுபடியும் இரண்டு ஷிஃப்ட் நிற்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அடுத்த முறை முதலிடம் எனக்குத்தான், எவளாலும் தடுக்க முடியாது. இப்போதைக்கு ஊசிவெடியின் ட்ரீட்டில், நம் கட்டணத்தில் கொஞ்சமாவது திரும்ப வரட்டும் என்று ஐந்து கப் ஐஸ்கிரீம் தின்றேன். தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. போன் போட்டுத் திட்டுவதானால் இந்த வாரமே திட்டிவிடுங்கள், எதிர்த்துப் பேச எனக்குக் குரல் இல்லை.