மிளகாய்க்கு நான் வைத்த உப்பு

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தோட்டத்தைத்தான் கொன்றிருக்கிறேன். அதுவும் மாமனாருடைய தோட்டம், அதுவும் கலியாணமாகி மூன்றாம் மாதத்தில்.

வெளிநாட்டு மிளகாய் வருவது நின்றுபோன காலம் அது. தம்புள்ளைப் பக்கம் கிணறு உள்ளவர்கள் எல்லாரும் மிளகாய் போட்டார்கள். மாத்தளை டவுனில் புடவைக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த எனக்கும் விவசாய ஆசை பிடித்தது. பத்து நாள் பயணம் புறப்பட்ட மாமா, கால் ஏக்கர் மிளகாயை என் பொறுப்பில் விட்டார். திரும்பி வரும்போது பயிர் நின்றால் பாதி நிலம் எனக்கு, இல்லாவிட்டால் பழையபடி புடவைக் கடைதான் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த விவசாயம் ஒன்றே ஒன்று. எங்கள் உம்மா வருஷா வருஷம் தென்னை அடியில் உப்புப் போடுவார், மரம் குலை குலையாய்க் காய்க்கும். அவ்வளவு பெரிய மரத்துக்கே நல்லதென்றால் இந்தச் சின்னச் செடி எப்படிக் கிளம்பும் என்று யோசித்தேன். (மூளை அன்று ஓவர்டைம் பார்த்தது.) செடிக்கு ஒரு பிடி கல்லுப்பு வைத்துத் தண்ணீர் பாய்ச்சினேன். என்ன வைக்கிறீர்கள் என்று கேட்ட மனைவி ரஹீமாவிடம், கைமருந்து என்று பெருமையாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் தொங்கிவிட்டது. மண்ணைத் தொட்டால் நல்ல ஈரம். ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற செடியை அன்றுதான் பார்த்தேன். பாத்தியின் மேல் வெள்ளையாய் ஏதோ பூத்திருந்தது. ரஹீமா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இது உப்புத்தானே?”

“தென்னைக்குப் போடுறதுதானே” என்றேன்.

“இது தென்னையா?”

அவள் மண்வெட்டியை எடுத்தாள். பாத்தியின் கீழ்ப்பக்கம் வடிகால் வெட்டி, கிணற்றுத் தண்ணீரை நாள் முழுக்க ஓடவிட்டாள். உப்பெல்லாம் கரைந்து, கீழே காய்க்காமல் நின்ற ஒற்றைத் தென்னையின் பக்கம் போனது. பிறகு மாட்டெரு போட்டாள்.

மாமா வந்தபோது பாதிக்குமேல் மொட்டை. மிச்சத்தில் நுனி நுனியாய்ப் புதுத் துளிர். நான் வைத்த விஷத்தை மண் தண்ணீரோடு விட்டுவிட்டது. அந்தத் துளிர்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா கோபப்படவில்லை. “மருமகன், புடவைக்கு உப்புப் போட ஏலாதுதானே?” என்றார். மறுநாள் கடைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் அந்த ஒற்றைத் தென்னை காய்த்துத் தள்ளியது. செடியைக் கொன்ற அதே உப்பு! இன்றைக்கும் அண்ணாந்து பார்த்தால் எனக்கு நம்ப முடியவில்லை. பாதி நிலத்துக்குப் பதிலாக மாமா அந்த மரத்தை எனக்குத் தந்தார்.

அதன் தேங்காயில் ரஹீமா சம்பல் இடிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் உப்பு வைத்த சிரட்டையை ஒளித்துவிடுவார்கள்.

“உப்பு வாணாம் உம்மா. வாப்பா முன்னமே போட்டிருக்காங்க.”