வைரவநாதர் உண்ணி வென்ற படலம்

மலைசூழ் பதுளை மாநகரிலே, காணிக் கந்தோர் என்னும் நில அலுவலகத்தின் கோப்புக் குன்றுகளை இருபத்திரண்டு ஆண்டுகள் ஒற்றைப் பேனாவால் அடக்கி ஆண்டவரும், வட்டுக்கோட்டை மண் ஈன்றவரும், மூக்குக்கண்ணாடியையே மணிமுடியெனத் தரித்தவருமாகிய வைரவநாதர் வாழ்க. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில், தம் வீட்டு வளவிலே அவர் ஆற்றிய அரும்போரைச் சொல்வோம், செவியுடையோர் கேட்க.

பிள்ளைகள் இருவரும் கொழும்புக்குப் படிக்கப் போய்விட்ட அவ்வில்லத்தில், வைரவநாதரின் பேருரைகளை இடைமறியாது கேட்கும் ஒரே உயிர் ஜிம்மி என்னும் செந்நிற நாய். ஒரு வியாழன் காலை, அதன் காதடியில் ஆமணக்கு விதைபோல் சாம்பல்நிறத்தில் உருண்டு திரண்ட ஒன்றைக் கண்ட அவர், கண்ணாடியைத் துடைத்து நெடிதாராய்ந்து, "இது பாலுண்ணி. தானா விழும்," எனத் தீர்ப்புரைத்தார். உரைத்த வாய் மூடுமுன் அதன் அடியிலிருந்து எட்டுக் கால்கள் நீண்டு அசைந்தன. பால் போய் உண்ணி நின்றது.

அவ்வேளை, விறாந்தைச் சுவரில் அதன் சுற்றத்தார் வரிசையாக ஏறுவதைக் கண்ட அவர் இல்லத்தரசி விசாலாட்சி, விளக்குமாற்றைச் செங்கோலென ஊன்றிப் பிரகடனம் செய்தார்.

"இஞ்சருங்கோ, ஞாயிற்றுக்கிழமை நான் தேடேக்க ஒரு உண்ணி கண்டாலும், நாய் பசறையில தங்கச்சி வீட்டை போகும். பிறகு என்னோட கதைக்க வரவேண்டாம்."

முற்றுகையுண்ட கோட்டையெனக் கலங்கிய வைரவநாதர் தீக்கணை தொடுக்கத் துணிந்து நெருப்புப் பெட்டியை எடுத்தார். பால் கொண்டுவந்த தெமோதரைத் தோட்டத்துக் கந்தப்பன், மாடுகளோடு முப்பதாண்டு பழகியவர், அவர் கையைப் பிடித்தார்.

"பத்த வைக்காதீங்கய்யா, நாய்க்குத்தான் புண்ணாகும். இடுக்கியால தோலோட ஒட்டிப் புடிச்சு நேரா இழுங்க. நசுக்காம ஸ்பிரிட் போத்தல்ல போட்டு மூடுங்க. நாய் மேல இருக்குறது கொஞ்சந்தான். மிச்சமெல்லாம் புல்லுலயும் செவுத்து வெடிப்புலயும் இருக்கு."

எழுந்தார் வைரவநாதர். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக் கவசம் பூண்டு, முழங்காலளவு வளர்ந்த புல்வனத்தைக் கத்தியால் அரிந்து, மதிலோரச் சருகுக் குவியல்களை வாரி, நாயின் சாக்குப் படுக்கையைக் கொதிநீரில் அமிழ்த்தி, சுவர் வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, மிருக வைத்தியர் தந்த மருந்தைப் பூசி, காதுமடல், விரலிடுக்கு, வாலடி எனக் களந்தோறும் இடுக்கி ஏந்திப் பொருதார். கழுத்துப் பட்டியின் அடியில் பதுங்கியிருந்த கொழுத்த தளபதியைப் பற்றி இழுக்கையில் ஜிம்மி முனகியது. கடிக்கவில்லை, அவர் மணிக்கட்டை நக்கிற்று. பகைவர்முன் கலங்காத வீரரின் கண்ணாடி அப்போது சற்றே பனித்தது.

"பசறைக்கு விடமாட்டன் ராசா," என்றார் மெல்ல.

ஞாயிறும் வந்தது. விசாலாட்சி ஒரு நாழிகை நேரம் நாயையும் சுவரையும் சாக்கையும் துருவித் துருவிப் பார்த்தார். பசறையும் தெமோதரையும் மூச்சடக்கி நின்றன.

"ம். நிக்கட்டும்," என்றார் கடைசியில்.

வெற்றி முரசம் வைரவநாதரின் நெஞ்சினுள் அதிர்ந்தது. வெற்றுமேனியராய் முற்றத்து நடுவே நின்று, வாகை சூடிய வேந்தரென இரு கரங்களையும் விண்ணோக்கி உயர்த்தி, புல்லும் மதிலும் கேட்கும்படி வெற்றியுரை ஆற்றத் தொடங்கினார்.

விசாலாட்சி அவரைக் கையை இறக்கவேண்டாமென்று சொல்லி, இடுக்கியை எடுத்துவந்து, அவருடைய கக்கத்தில் ஒட்டியிருந்த உண்ணியைப் பிடுங்கினார்.