அரை அங்குலம் கூடிப்போனவர்

தோற்றவர்களில் பல வகை உண்டு. அதில் ஓயாமல் பேசுகிற வகை, மயிரிழையில் தவறவிட்டவர். இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும்போது, வருகிறவர்கள் எல்லாரும் கடந்தே ஆகவேண்டிய கதவோர மேசையில் உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் கெல்டன் ஊரில் அவர் பெயர் வெர்னன் குஹ்தா. வயது அறுபத்தாறு.

அவர் தவறவிட்டது ஒரு கூடைப்பந்து லீக்கை. பெரிய லீக்குகளில் பனைமரங்களுக்குத்தான் இடம் என்று கோபித்துக்கொண்டு, ஆறடி நான்கங்குலத்துக்கு மேல் வளர்ந்தவன் இங்கே வரக்கூடாது என்ற சட்டத்தோடு பிறந்த லீக் அது. ஆறு ஊர், ஆறு அணி. ஐஸ் ஹாக்கி அரங்கில் பனிக்கட்டியின் மேல் பலகை போட்டு ஆடினார்கள். பலகை வியர்க்கும், ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுவார்கள், கூட்டம் அதற்குத்தான் கைதட்டும். கெல்டன் அணியின் முதலாளி மெத்தை வியாபாரி. சிறந்த ஆட்டக்காரருக்கு மெத்தைதான் பரிசு. மற்ற ஊர்களில் உயரத்தைக் கூட்டிப் பொய் சொல்லும் வாலிபர்கள், இங்கே தலையை மொட்டையடித்து, முழங்காலை லேசாக மடக்கி, குறைத்துப் பொய் சொன்னார்கள். ஐந்தாவது பருவத்தின் நடுவில் ஒரு நாள், டீசலுக்குக் காசில்லாமல் அணியின் பேருந்து நெடுஞ்சாலையில் நின்றது. லீக்கும் அங்கேயே நின்றது.

வெர்னன் அதில் ஒரு நாள்கூட ஆடவில்லை. அதனால்தான் அதன் வரலாறு முழுவதும் அவருக்குத் தெரியும். ஆடியவர்கள் மறந்துவிட்டார்கள்.

"அரை அங்குலம்யா! அரை அங்குலம் ஜாஸ்தின்னு வெளிய அனுப்பிட்டாங்க. இல்லன்னா நான் இன்னிக்கு எங்கயோ இருந்திருப்பேன்."

"எங்க இருந்திருப்பே? அந்த பஸ்சுல," என்பார் மனைவி டோலோரஸ்.

ஆலையில் மேற்பார்வையாளர் பதவி கிடைக்காததற்கும், மகள் தொலைபேசியில் சுருக்கமாகப் பேசுவதற்கும் அந்த அரை அங்குலமே காரணம். பிறகு எங்கே அளந்தாலும் ஆறடி மூன்றுதான் வந்தது. அந்த அளவுகோல்களெல்லாம் தப்பு என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

இந்த ஆண்டு ரோசலி டுடெக் ஊர் திரும்பினார். கெல்டன் அணிக்கு ஆள் எடுத்த அன்று அளவுகோலைப் பிடித்தவர் அவர்தான். தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்ததும் வெர்னனுக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சியே வந்துவிட்டதே!

"எல்லாரும் கேளுங்கப்பா, என்னை அளந்த கை இதான்! சொல்லு ரோசலி!"

"வேணாம் வெர்ன். மீன் ஆறுது."

"அட, சொல்லு!"

ரோசலி மென்று விழுங்கினார். "நீ ஆறடி மூணுதான். ஒரு அங்குலம் கம்மியாவே இருந்தே."

"அப்புறம் எதுக்கு…?"

"நீ யாருக்கும் பந்தே குடுக்க மாட்டே. அத உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல கோச்சுக்கு மனசு வரல. ஆறடி நாலரைன்னு சத்தமா சொல்லிடும்மான்னார். சொல்லிட்டேன்."

பக்கத்து மேசைகளில் முள்கரண்டிகள் நின்றன. முப்பத்தொன்பது வருடக் கதை, சாலட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. டோலோரஸ் சிரிக்கவில்லை; கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். பந்து கேட்டு நீண்ட நான்கு ஜோடிக் கைகள் வெர்னனுக்கு ஞாபகம் வந்தன. ஒரு நிமிடம் அவர் வெறும் வெர்னனாக இருந்தார்.

ஒரே நிமிடம்தான். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ சதி! டோலோரஸ், கேட்டியா? அரை அங்குலம் இல்லடி, முழுசா ஒன்றரை அங்குலம் ஏமாத்தியிருக்காங்க!"

டோலோரஸ் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கதவோர மேசையைப் பிடிக்க வெர்னன் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தத் தேர்வில் உங்களுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்ததே, அந்த வேலை கடைசிச் சுற்றில் கைநழுவியதே, அதையெல்லாம் நான் கேட்கவில்லை. ஆனால் அன்று உங்களை அளந்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். என்றாவது அவர் எதிரே வந்து உட்கார்ந்தால், மீனைப் பற்றி மட்டும் பேசுங்கள்.