மாமியாருக்கு நான் கொடுத்த ஊக்கம்

என் மாமியாரின் வேலை போனதற்கு நான்தான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை. ஊக்கம் கொடுக்கப் போனேன். அப்படி ஆகிவிட்டது.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் என் மச்சான் போகிற வீட்டில் எல்லாம் இந்தக் கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். நானே சொல்லிவிடுவது நல்லது.

பங்சாரில் எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று. அதைச் சுத்தம் செய்யும் கண்ட்ராக்ட் எங்கள் கம்பெனிக்கு. நான்கு பெண்கள். ஆளுக்கு இரண்டு மாடி. அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர் நான்.

அந்த நால்வரில் ஒருவர் என் மாமியார் அஞ்சலை அத்தை. எனக்கு முன்பே அங்கே வேலை செய்தவர். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பிறகு கம்பெனி என்னை அவருக்கே சூப்பர்வைசர் ஆக்கியது. (கம்பெனிக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட்டிருக்காது.)

பூச்சோங்கில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவர் விடியற்காலை வேனில் போவார். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில் போவேன். வீட்டில் அவர் என்னோடு நேராகப் பேச மாட்டார். நான் உள்ளே வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். எதுவானாலும் என் மனைவி தேவி வழியாகத்தான். அப்படிப்பட்டவர் கழிவறை தேய்ப்பதைப் போய் நான் எப்படிப் பார்ப்பது? அவருடைய மாடிகள் ஐந்தும் ஆறும். நான் மேற்பார்வை பார்க்கப் போகும்போது நான்காவது மாடியில் லிஃப்ட் ஏறி ஏழாவது மாடியில் இறங்குவேன். அதை மரியாதை என்று நினைத்தேன்.

அந்த வருடம் கம்பெனி சூப்பர்வைசர்களை ஒரு நாள் கோர்ஸுக்கு அனுப்பியது. ஓட்டலில் குளிர்சாதன அறை. கோட் போட்ட ஒரு பையன் மேலும் கீழும் நடந்தபடி பேசினான். ஊழியர் என்பவர் செடியாம். பாராட்டு தண்ணீராம். எல்லாரும் பார்க்கும்படி பாராட்ட வேண்டுமாம். பெரியவர்களைக் கூப்பிட்டு வைத்துப் பாராட்ட வேண்டுமாம். எழுதிக்கொண்டேன். பலகாரத்துக்கு இரண்டு கறி பாப் சாப்பிட்டேன். சான்றிதழ் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் முதல் சான்றிதழ். தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெரிய அட்டையும் தங்க நிற ஸ்டார் ஒட்டிகளும் வாங்கினேன். அட்டையில் நான்கு பெயர், நாள், மாடி. கட்டம் கட்டமாகக் கோடு. ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டினேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். கழுவியவர் அதில் சைன் போட வேண்டும். அதை வைத்து ஸ்டார் போடுவதாகத் திட்டம். மாதக் கடைசியில் அதிக ஸ்டார் வாங்கியவருக்குப் பரிசு.

நான்கு பேரையும் நிற்க வைத்துப் பேசினேன். "இனிமே செஞ்சவங்கதான் சைன் போடணும். ஒருத்தருக்கு இன்னொருத்தர் போட்டா வேலை போயிடும்." (ஊக்கம் கொடுக்கத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே மிரட்டிவிட்டேன். கோர்ஸில் இதைச் சொல்லித் தரவில்லை. இது என் சொந்தச் சரக்கு.)

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை தரையைப் பார்த்தார். நால்வரில் வேலைக்கு முதலில் சேர்ந்தவர் சரசு அக்கா. அவர் மட்டும் வாயைத் திறந்தார்.

"தம்பி, இது வேணாம் லா. இப்பவே நல்லாத்தானே ஓடுது?"

"அக்கா, செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

"எந்தச் செடி?"

"போய் வேலையப் பாருங்க" என்றேன்.

முதல் வாரம் முடிந்தது. சரசு அக்காவுக்கும் மற்ற இருவருக்கும் ஸ்டார் குவிந்தது. அத்தையின் கட்டங்கள் காலி. ஐந்தாவது, ஆறாவது மாடி அட்டைகளில்கூட மற்ற மூவரின் சைன்தான். நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? என்ன நினைத்தேன் தெரியுமா? போட்டி சூடு பிடித்துவிட்டது, அடுத்தவர் மாடியையும் முந்திக்கொண்டு கழுவுகிறார்கள், என் ஊக்கம் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மோட்டாரில் பாட்டு.

இரவுச் சாப்பாட்டில் தேவியிடம் சொன்னேன். "உங்கம்மாவ சைன் போடச் சொல்லு."

தேவி சமையலறைக்குப் போய்விட்டு வந்தாள். "செஞ்சாத்தானே போட முடியும்னு சொல்றாங்க."

கோபித்துக்கொண்டு சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சாம்பார் கேட்டேன்.

மாதக் கடைசி வந்தது. பரிசளிப்பு. ஸ்டோர் ரூம் வாசலில் மேசை போட்டு கேக் வைத்தோம். பெரியவர்களைக் கூப்பிட வேண்டுமே. கட்டட மேனேஜர் லிம்மை நானே போய்க் கூப்பிட்டேன். புதுச் சட்டை வேறு போட்டிருந்தேன். அவர் வரமாட்டேன் என்றார். பத்து நிமிடம்தான் பாஸ் என்று கெஞ்சி அழைத்து வந்தேன்.

அத்தைதான் கேக் வெட்டித் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தார். லிம் ஸ்டார் அட்டையின் முன்னால் போய் நின்றார். அவர் பேசியது மலாயில். அத்தைக்கு மலாய் என்னைவிட நன்றாகத் தெரியும்.

"மணியம், இந்த அஞ்சலை யாரு?"

"நாலாவது ஆள், பாஸ்."

"ஒரு ஸ்டார்கூட இல்லையே. லீவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். உடம்பு சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம்.

"இல்ல பாஸ். தினமும் வந்தாங்க."

"அப்போ அஞ்சாவது, ஆறாவது மாடி யாரு கழுவுனது? சுத்தமாத்தானே இருந்துச்சு?"

அட்டை பேசியது. எந்த மாடி, யார், எந்த நாள், எல்லாம் நானே கோடு போட்டு எழுதியிருந்தேன். லிம் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"மூணு பேர் போதும் போல இருக்கே" என்றார். கோபமே இல்லை. பிறகு என் தோளைத் தட்டினார். "நல்ல சார்ட், மணியம். ரொம்ப தெளிவா இருக்கு."

வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

அத்தை ஒரு தட்டில் கேக் வைத்து லிம்மிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரசு அக்கா பரிசை வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"உங்க மாமியாருக்கு முட்டி மடங்காது தம்பி. ரெண்டு வருஷமாச்சு. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க? தெரியாதா?"

தெரியாது. என் முன்னால் அவர் நடப்பதே இல்லையே. நான் வந்தால் உள்ளே போய்விடுவார், நானும் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

"அவங்க மாடிய நாங்க மூணு பேரும் பங்கு போட்டுக் கழுவிடுவோம். அவங்க எட்டு மாடி டீ கப்பையும் ஸ்டூல் போட்டு ஒக்காந்து கழுவிடுவாங்க. மோப் துணி எல்லாம் அவங்கதான் தொவைக்கிறது. காலைல எங்களுக்குப் பசியாற கட்டிட்டு வர்றதும் அவங்கதான். அவங்க இல்லன்னா எங்களுக்குத்தான் முடியாது. உங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

"அப்போ ஏன் அவங்க பேர்ல சைன் போடல?"

"போட்டா வேலை போயிடும்னு நீதானே சொன்ன?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'நீ'க்கு வந்துவிட்டார். நியாயம்தான்.

பிறகு பழைய அட்டைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அத்தையின் சைன் ஒரு வட்டத்துக்குள் 'அ'. மூன்று விதமான 'அ' இருந்தது. இரண்டு வருடமாக அந்த அட்டைகளை எண்ணி அடுக்கிக் கட்டி வைத்தவன் நான்தான்.

லிம்மிடம் போனேன். முட்டி வலி, வயதானவர், நல்ல மனுஷி என்று சொன்னேன். "முட்டி வலின்னா வீட்டுல ஓய்வெடுக்கட்டும் லா" என்றார். வாயைத் திறந்து இன்னும் கெடுத்ததுதான் மிச்சம். அடுத்த மாதத்திலிருந்து மூன்று பேர் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார். கம்பெனியிலும் கேட்டுப் பார்த்தேன். வேறு கட்டடம் இருக்கிறது, ஆனால் குனிந்து தேய்க்க வேண்டும் என்றார்கள்.

கடிதம் என் கைக்கு வந்தது. சூப்பர்வைசர்தான் கொடுக்க வேண்டும். ஸ்டோர் ரூமில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். முதல் முறையாக நேருக்கு நேர் நின்றோம்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. படிங்க" என்றார்.

படித்தேன். கடைசி வரியில் உங்கள் சேவைக்கு நன்றி என்று இருந்தது. அதையும் படித்தேன்.

அத்தை கடிதத்தை வாங்கி நான்காக மடித்தார். "ஏழாவது மாடி பைப்பு சொட்டுது. சரசுகிட்ட சொல்லிடுங்க மாப்பிள்ளை." மீதித் துணியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

தேவி மூன்று வாரம் பேசவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பேசுவதில்லை. இப்போது இரண்டு பேர்.

அறுபது வயதுக்கு மேல் அத்தைக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அவர்பாட்டுக்குப் போய்வருவார், யாரையும் கேட்க மாட்டார். இப்போது புறப்படும் முன் தேவியின் முன்னால் வந்து சும்மா நிற்கிறார். அவள் புரிந்துகொண்டு பணம் கொடுப்பாள். நான் டிவி பார்ப்பதுபோல் இருப்பேன்.

சொந்தக்காரர்களுக்கு இது பெரிய சிரிப்பு. என் பாராட்டு என்றாலே இப்போது எல்லாருக்கும் பயம். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் பிரியாணி நன்றாக இருக்கிறது என்றேன். "ஐயோ, மச்சான் பாராட்டிட்டாரு, சமையல்காரர மூட்ட கட்டச் சொல்லுங்க" என்று மச்சான் கத்தினான். பந்தியே சிரித்தது. போன மாதம் அவனுக்குப் பதவி உயர்வு. எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னான். எனக்கு மட்டும் சொல்லவில்லை. "அவரு வாழ்த்திடப் போறாரு" என்று தேவியிடம் சொன்னானாம்.

நேற்று தேவி வீட்டில் இல்லை. அத்தைதான் சமைத்தார். மீன் கறி. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து தட்டை என் முன்னால் வைத்தார். இந்தத் தடவை நான் தலையைத் திருப்பவில்லை. அவரும் உள்ளே போகவில்லை. ஓரமாக நின்றார். இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அப்படி ஒரு கறி.

வாயைத் திறக்கவில்லை. தட்டை நானே கழுவி வைத்தேன்.